எட்டுத் தையல்

தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடி எடுப்பது என்றுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நம்பித்தான் பெலிக்ஸ் இந்தக் கடற்கரைக் கோயிலுக்குப் பஸ்ஸே ஏறினான். ரோசியை மச்சினன் வின்சென்ட் மடியில் வைத்துக்கொள்வான், மனைவி சகாயம் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடி மகளைச் சமாளிப்பாள், தான் மெழுகுவர்த்தி வாங்குகிற சாக்கில் கடைப்பக்கம் நழுவிவிடலாம், திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து தலை முழுக்கச் சந்தனம் அப்பியிருக்கும், சந்தனத்துக்கு அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு நாளாக இதையேதான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனின் மீசையைக் கண்டதும் நாலு வயதுப் பிள்ளை இப்படி ஊரைக் கூட்டும் என்பது மட்டும் அவன் யோசனையில் வரவில்லை. மீசை என்றால் சும்மா மீசை இல்லை, ஊர்த் திருவிழா நாடகத்தில் ஏரோது ராஜா வேஷம் கட்டுவதற்கென்றே வளர்த்த மீசை. "அத்தான், எங்கிட்ட இருக்கமாட்டேங்கா. கடிக்கா. நீங்களே பிடிங்க," என்று வின்சென்ட் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா, வின்சென்ட்," என்றான் பெலிக்ஸ். வாழ்நாளில் எந்த முறையையும் பெரிதாக மதிக்காதவன் சொன்னதைக் கேட்டு அவன் மனைவியே ஒரு கணம் விழித்தாள். "முறையாவது ஒண்ணாவது," என்றாள் சகாயம். "அந்தோனியாருக்குப் பிள்ள தலைமுடிதான நேர்ந்தேன், மாமன் மடியையுமா நேர்ந்தேன்? உக்காருங்க நீங்க." பின்னால் ஒன்பது டோக்கன் காத்திருந்தது. பெலிக்ஸ் முடியெடுக்கும் கொட்டகையின் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தான். மகள் தாவி வந்து மடியில் ஏறிக்கொண்டாள், ஏறியதும் அழுகை பாதியாகிவிட்டது.

முடி எடுக்கிறவர் பெயர் மாசிலாமணி. கோயிலில் கொடுத்த அட்டையைச் சட்டைப் பையில் குத்தியிருந்தார். செம்பிலிருந்து தண்ணீரை அள்ளி ரோசியின் உச்சியில் ஊற்றித் தேய்த்தார், அது அவள் கழுத்து வழியாக இறங்கி பெலிக்ஸின் வேட்டியை நனைத்தது. புது பிளேடை உறையோடு காட்டி, பிரித்து, இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகினார். ஒடிகிற சத்தத்துக்கே பெலிக்ஸ் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "தம்பி, ஒரு கை தாடையில, ஒரு கை தோள்ல. இறுக்கவும் கூடாது, விடவும் கூடாது. பிள்ள தலைய வெடுக்குன்னு திருப்புனா அம்புட்டுதான், பாத்துக்கிடுங்க." இறுக்கவும் கூடாது, விடவும் கூடாது. யாரிடம் சொல்கிறார் இந்த மனுஷன்? இந்தக் கை எப்பேர்ப்பட்ட கை என்று தெரிந்தால் இப்படிச் சொல்வாரா? போய் வேற ஆளக் கூட்டிட்டு வாங்க என்றல்லவா சொல்வார். "எந்தப் பக்கத்துல இருந்து எடுப்பீங்க?" என்று பெலிக்ஸ் கேட்டான். "வலது பக்கம். எப்பவும் வலதுதான்." வலது என்றால் இடது கடைசி. இடது காதுக்கு மேலே நாலு விரல் தள்ளி இருக்கிற அந்த இடம் கடைசியில்தான் வரும். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, ஆறு நிமிஷம்கூட இருக்கலாம், அதற்குள் எதுவும் நடக்கலாம், மழை வரலாம், பூசை மணி அடிக்கலாம். சித்திரை வெயிலில் வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. கத்தி வலது நெற்றியோரம் இறங்கியது. சரக்கென்று ஒரு கொத்து முடி, ஈரத்தோடு, சகாயம் விரித்துப் பிடித்திருந்த துண்டில் விழுந்தது. கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் சொல்வார், ஒவ்வொருத்தர் தலையில் எத்தனை முடி என்றுகூட மேலே இருக்கிறவருக்குத் தெரியும் என்று. முடியை எண்ணுகிறவருக்கு முடிக்கு அடியில் இருப்பது தெரியாமலா இருக்கும்? அதை யார் போட்டது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கிறார். பேசாமல் இருப்பவர்களைக் கண்டால்தான் பெலிக்ஸுக்குப் பயம்.

"அப்பா, குறுகுறுங்கு," என்றாள் ரோசி. "அசையாத மக்களே, ஆடாம இரு, ஆச்சு, இப்ப ஆச்சு." அவள் தாடை அவன் உள்ளங்கையில் கச்சிதமாகப் பொருந்தி இருந்தது. அப்போது இதைவிடச் சின்னது. ஒன்றரை வயது. 'இன்னும்' என்று சொல்ல வராது, 'இன்னு' என்பாள். மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தால் போதும், காற்றில் இருக்கும்போதே சிரிப்பாள், கீழே வரும்போது இல்லை, மேலே போகும்போதும் இல்லை, நடுவில், ஒன்றையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கிற அந்த ஒரு நொடியில் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் போட்டான். இன்னு. போட்டான். இன்னு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் யாரோ வீட்டில் நடந்த அன்பிய ஜெபக் கூட்டத்துக்குச் சகாயம் போயிருந்தாள், டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இன்னு. போட்டான். கூட்டம் ஹோவென்று கத்தியது. ஒரு விக்கெட். அவன் திரும்பினான். முழுசாகக்கூட இல்லை, கண்ணை மட்டும்தான் திருப்பினான், ஒரு கண் சிமிட்டுகிற நேரம். கை இருந்த இடத்திலேயே இருந்தது, பிள்ளை வேறு இடத்தில் இறங்கினாள். விரல்நுனியில் அவளுடைய பாவாடைத் துணி உரசிப் போனது, அந்தத் துணி இன்றைக்கும் விரலில் இருக்கிறது, சோறு பிசையும்போது இருக்கிறது, லேத் பட்டறையில் இரும்பைப் பிடிக்கும்போது இருக்கிறது. டீப்பாயின் விளிம்பு. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அழுதிருந்தால் தேவலை. எட்டுத் தையல். ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி மட்டும் முடியை வழித்தார்கள், கட்டுப் போட்டார்கள், கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு அவன் வேலைக்குப் போய்விட்டான், முடி வளர்ந்து மூடிக்கொண்டது. இன்றுவரை அவன் அதைப் பார்த்ததில்லை. மகளின் தலையைத் தடவினாலும் கை தானாகவே இடது பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும். டீப்பாயைக் கறையான் அரித்துவிட்டது என்று சொல்லி மறு வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டான். கறையான் அதன் பக்கம்கூடப் போகவில்லை, நல்ல தேக்கு.

"தலையக் கொஞ்சம் குனிச்சுப் பிடிங்க." குனித்தான். உச்சி வழியாகக் கத்தி பின்னால் போனது. வெள்ளையாக ஒரு பாதை, அதன் பக்கத்தில் இன்னொரு பாதை. சகாயம் மெல்லிய குரலில் மாதா பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் கத்தியை விட்டு நகரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடிவந்தபோது அவனுக்குப் பொய் சொல்கிற எண்ணமே இல்லை. சத்தியமாக இல்லை. எப்படி விழுந்தா என்று கேட்டாள், கட்டில்ல இருந்து என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன அடுத்த நிமிஷம் அவள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். "நான் பாவி. தலையணை வைக்காம போயிட்டேன். எப்பவும் ரெண்டு பக்கமும் வைப்பேன், அன்னைக்குன்னு பாத்து நேரமாச்சுன்னு ஓடிட்டேன்." அவன் பழியை அவள்மேல் போடவில்லை. அது தானாக நடந்து போய் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது. அவன் செய்ததெல்லாம் அதைத் திரும்பக் கூப்பிடாமல் இருந்ததுதான். நாளைக்குச் சொல்லிவிடலாம், பிள்ளை கண் திறக்கட்டும். கண் திறந்தாள். கட்டு அவிழட்டும். அவிழ்ந்தது. பிறகு சொல்வதற்கு ஒரு நாளும் தோதாக அமையவில்லை. சகாயம் கட்டிலை விற்றுவிட்டாள். பாய் விரித்து, பிள்ளையைச் சுவரோரம் போட்டு, குறுக்கே தான் படுத்துக்கொள்கிறாள், இரண்டரை வருஷமாக. வீட்டுக்கு யார் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தலையணைக் கதையைச் சொல்லிவிடுவாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, செய்யாத பாவத்துக்கு எத்தனை அருள்நிறை மந்திரம் சொல்லித் தீர்த்திருப்பாளோ. ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டுப் போட்டு இந்த நேர்ச்சையை நேர்ந்ததும் அவள்தான். அவன்தான் தள்ளிக்கொண்டே வந்தான். போன வருஷம் பிள்ளைக்குச் சளி, அதற்கு முன் மழை, அதற்கு முன் லீவு கிடைக்கவில்லை. சாமிகூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்று சகாயத்திடம் சொல்வான். சிலுவை போடும்போது நெற்றியில் கை வைத்துச் சொல்கிற 'தந்தை' என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டு அடுத்து வரும் 'மகன்' என்பதற்குத் தாவிவிடுவான். கோயிலில் அது யாருக்கும் தெரியாது. ஒருநாள் மனசு கசந்துபோய் கேட்டும்விட்டான்: நான் ஒரு விக்கெட்டைப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். தந்தையே, நீர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்?

"அப்பா வேண்டாம், போதும், வீட்டுக்குப் போவோம்!" வலது பக்கம் முடிந்து கத்தி பிடரிக்கு வந்ததும் ரோசி மறுபடியும் அழ ஆரம்பித்தாள். "இந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிடுங்க, முகம் உங்க நெஞ்சுல இருக்கட்டும்," என்றார் மாசிலாமணி. திருப்பினான். அவள் காலால் அவன் வயிற்றில் உதைத்தாள், "அப்பா கெட்ட அப்பா," என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், மூக்கை அதே சட்டையில் துடைத்தாள். பிடித்துவைத்து அறுக்கக் கொடுப்பவனும் இவன்தான், அறுக்கிறார்களே என்று ஓடிப்போய் ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பவனும் இவன்தான், அவளுக்கு வேறு நெஞ்சு தெரியாது. போன மாசம் காய்ச்சலுக்கு ஊசி போட்டபோதும் இப்படித்தான், போ போ என்று அவனையே விரட்டிவிட்டு அவன் கழுத்தையே கட்டிக்கொண்டாள். பெலிக்ஸுக்கு என்னமோ செய்தது. இரண்டரை வருஷமாக அவனும் மேலே பார்த்து உதைத்துக்கொண்டுதானே இருக்கிறான். உதைக்கிற நேரமெல்லாம் யார் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்? தினமும் பால்வாடி வாசலில் இவளை விடுவான். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடுவாள். அவன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, அவள் செருப்பைக் கழற்றி வைத்து, டீச்சர் கையைப் பிடித்து, கதவு சாத்துகிறவரை பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போவான். அவளுக்கு அது தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. அப்பா அப்போதே போய்விட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள். தனக்கும் அப்படி ஒருவர் மரத்துக்குப் பின்னால் நிற்கலாம் என்பது இத்தனை நாளில் ஒரு தடவைகூட ஏன் தோன்றவில்லை? பிஸ்கட்டைக் கடித்து எச்சில் பாதியை அவன் வாயில் திணிப்பாள். பக்கத்து வீட்டு டேவிட் தன் பையனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது வந்து நின்று பார்ப்பாள். "அப்பா, என்னையும்." "அப்பாவுக்குக் கை வலி மக்களே." "இன்னைக்குமா?" இன்றைக்கும்தான், நேற்றும்தான், இரண்டரை வருஷமாக வலி. தைத்து முடித்த டாக்டர் சொன்னார், கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா பிள்ளை இல்லை என்று. அதை அவன் இத்தனை காலமும் தன்னை மிரட்டுகிற வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறான். கொஞ்சம் தள்ளி. தள்ளிப் படவில்லையே. அவன் கை இல்லாத இடத்தில் வேறு யார் கை இருந்தது? நினைப்பு அதற்குமேல் போகாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. கத்தி இடது பக்கம் வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடினால் பிடி தவறும். ஒரு தடவை கண்ணைத் திருப்பிப் பார்த்தாயிற்று, போதும். அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டான். காதோரம் வழித்து, மேலே ஏறி, ஒரு கொத்து, இன்னொரு கொத்து. மாசிலாமணியின் கை நின்றது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஓ, இங்க ஒரு பழைய காயம் கெடக்கு. மேடா இருக்கு. நல்லாப் பிடிங்க தம்பி, இந்த இடத்துல மூச்சுக்கூட விடக்கூடாது." கத்தி ஒரு நெல் அளவு நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. முடி விலகிய இடத்தில் அது தெரிந்தது. இத்தனை நாள் மனசுக்குள் தலையையே இரண்டாகப் பிளந்து வைத்திருந்தானே, அவ்வளவு பெரிசு இல்லை. அவன் சுண்டுவிரல் நீளம்தான். வெளுத்து, பளபளவென்று, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். மிக ஒழுங்காக இருந்தன. யாரோ உட்கார்ந்து பொறுமையாகத் தைத்திருக்கிறார்கள். "எப்படிம்மா பட்டுச்சு?" என்று கத்தியிலிருந்து கண்ணெடுக்காமல் மாசிலாமணி கேட்டார். சகாயம் பாட்டை நிறுத்தினாள். "என்னாலதான், அண்ணாச்சி," என்றாள். நூறு பேரிடம் சொன்ன அதே குரல், அதே வரிசை. "கட்டில்ல கெடத்திட்டுத் தலையணை வைக்காம போயிட்டேன். பெத்தவளே பிள்ளைய..." மிச்சத்தை அவளால் எப்போதும் சொல்ல முடியாது, இப்போதும் முடியவில்லை, துண்டில் கிடந்த முடியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சொல்லு. இப்போ சொல்லு. சொன்னால் அவள் பதறுவாள், பதறினால் பிள்ளை திரும்புவாள், திரும்பினால் கத்தி. ஆகா, எவ்வளவு வசதியான கத்தி! சாகிறவரை ஏதாவது ஒரு கத்தி இப்படிக் குறுக்கே கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். ரோசி நெஞ்சுக்குள் முகத்தைப் புதைத்தபடி, "அப்பா, விட்றாதீங்கப்பா," என்றாள். யாருடைய கையில் இருந்துகொண்டு எதைக் கேட்கிறது இந்தப் பிள்ளை? தெரியாமல் கேட்கிறது. தெரிந்திருந்தாலும் கேட்கும், அவன் மடிதான் வேண்டும் என்று அழும். அதுதான் அவனைத் தூக்கிப் போட்டது. விடவில்லை. மூச்சு விடாமல் பிடித்திருந்தான். கத்தி காயத்தைச் சுற்றி வந்து, கடைசி முடியையும் எடுத்துக்கொண்டு, ஒரு துளி ரத்தம் இல்லாமல் வெளியே வந்தது.

"ஆச்சு," என்று மாசிலாமணி தண்ணீர் ஊற்றிக் கழுவி, கிண்ணத்திலிருந்து சந்தனத்தை அள்ளினார். "ஒரு நிமிஷம், அண்ணாச்சி," என்று பெலிக்ஸ் அவர் கையைத் தடுத்தான். தன் விரலை அந்தத் தழும்பின்மேல் வைத்தான். சுட்டது, வெயிலில் எல்லாமே சுட்டது. "சகாயம்." அவள் நிமிர்ந்தாள். "கட்டில் இல்ல. அவ கட்டில்லயே இல்ல அன்னைக்கு. நான் தூக்கிப் போட்டு விளையாடிட்டு இருந்தேன். டி.வி.ல மேட்ச்சு, ஒரு விக்கெட்டு, திரும்பிப் பாத்தேன். பிடிக்கல. தலையணை வச்சிருந்தாலும் இதான் நடந்திருக்கும். உன்னால இல்ல." இவ்வளவுதான். இரண்டரை வருஷம் தூக்கிச் சுமந்தது சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வின்சென்ட் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். மாசிலாமணி கத்தியைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டார். சகாயம் அவன் முகத்தையே பார்த்தாள், தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் பெயர்ப்பலகையைப் பார்ப்பதுபோல. பிறகு கேட்டாள், "யாரு ஜெயிச்சா, அன்னைக்கு?" அவனுக்குத் தெரியவில்லை. இன்றுவரை அவன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. "தெரியாது," என்றான். அவள் துண்டின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது, மறுபடியும் போட்டாள். சந்தனம் பூசி முடிகிறவரை நின்றாள், பிறகு முடியைக் காணிக்கையாகச் செலுத்துவதற்குக் கோயிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கொட்டகைக்கும் கோயிலுக்கும் நடுவில் வெறும் மணல், உச்சி வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் திரும்புவாள் என்று தோன்றவில்லை. பெலிக்ஸ் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.  ரோசி தன் மொட்டைத் தலையைத் தடவி, சந்தனம் ஒட்டிய கையை அவன் கன்னத்தில் துடைத்து, இறங்கவேண்டும் என்று நெளிந்தாள். பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நின்றாள். திரும்பினாள். கண் சிவந்திருந்தது, முகத்தில் கொஞ்சம்கூட இரக்கம் இல்லை. "மணல் சுடுது," என்றாள். "பிள்ளையக் கீழ விட்றாதீங்க." "அப்பாவுக்குக் கை வலிம்மா," என்று ரோசி அம்மாவுக்குத் தகவல் சொன்னாள். "வலிக்கல," என்றான் பெலிக்ஸ். நெளிந்தவளை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டான். பிடித்துக்கொண்டு நடந்தான்.